மடுவில் தேங்கிய நுரை

கல்வராயன் மலையில் அருவிக்குக் கீழே இருக்கிற மடுதான் எங்கள் ஊருக்கு மீன் கொடுத்தது. சாமை அறுத்து முடித்த பிறகு நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போவோம். அயிரையும் கெண்டைக் குஞ்சும் கிடைக்கும். புளி கரைத்துக் குழம்பு வைத்தால் இரண்டு வேளைக்கு வரும்.

போன கோடையில் அருவி நூலாக இளைத்துவிட்டது. ஆனாலும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். தலைக்கு ஷாம்பு, உடம்புக்கு சோப்பு. சிலர் தலைச்சாயத்தைக்கூட அங்கேயே அலசினார்கள். மழைக்காலமாக இருந்தால் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். இப்போது மடுவைத் தாண்டத் தண்ணீருக்கே தெம்பில்லை. நுரை அங்கேயே தேங்கியது.

குழந்தைக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், கீழே மீன் இருக்கிறது, சோப்பு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"ஒரு பாக்கெட்டு ஷாம்புதாங்கா. இவ்ளோ தண்ணில இன்னா ஆவப்போவுது?" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பாக்கெட் இருந்தது. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்துகினு நிக்குது. கொடத்த எடு."

நாங்கள் போனபோது நண்டுகள் தண்ணீரை விட்டுப் பாறைமேல் ஏறிக் கிடந்தன. குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. உயிரோடு இருந்தவற்றை என் பழைய சேலையால் அரித்து, ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய குடங்களில் விட்டோம். அருவிக்கு மேலே யாரும் போகாத இன்னொரு மடு உண்டு. முள்ளை வெட்டி வழி செய்து, பாறையில் தவழ்ந்து, குடங்களை அங்கே சுமந்தோம். வழியிலேயே பாதி செத்துப்போயிற்று. மிச்சத்தை விட்டபோது அவை கொஞ்ச நேரம் அசையாமல் நின்று, பிறகு கல்லுக்கு அடியில் ஒதுங்கின. பிழைத்துக்கொள்ளும் என்று அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

குளிக்க வந்தவர்கள் கீழே தண்ணீர் போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரோ நாங்கள் வெட்டிய வழியைப் பார்த்துவிட்டார்கள். நாங்கள் தகவல் தெரிந்து மேலே ஏறியபோது, ஒரு கூட்டமே மேல் மடுவில் இறங்கி நின்று ஒருவருக்கொருவர் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கரையோரம் வெள்ளையாக நுரை. நல்ல இடம் என்று ஒருவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கு மேல எங்க தூக்கினு போறது?" என்றார் வீட்டுக்காரர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு மழை பெய்தது. இரண்டு மடுவும் நிறைந்து தெளிந்தன. அவர் மீன் பிடிக்கிற மூங்கில் கூடையைத் தண்ணீரில் கட்டிப் பார்த்தார். சருகு வந்தது, ஷாம்பு பாக்கெட் வந்தது. ஐப்பசி வரைக்கும் தினம் போய்ப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் கூடையை அவிழ்த்துக்கொண்டு வந்து, அடுப்பில் ஒடித்து வைத்தார்.