முட்டைகளுக்காக நடுங்கிய மலைப்பாம்பு

பள்ளி நண்பர்களே, அம்மை ஊசி குத்தும் வேலையாக இன்று கொல்லிமலை ஏறினேன்.

சாமை விதைப்பதற்காக வெட்டிக் காயவைத்த புதருக்குத் தீ வைக்கப்போன நல்லம்மாள் என்ற விவசாயி, சட்டென்று பந்தத்தை மண்ணில் தேய்த்து அணைத்தார்.

உள்ளே ஒரு மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிக் கிடந்தது. அதன் உடம்பு விட்டுவிட்டு நடுங்கியது.

“காய்ச்சலாம்மா அதுக்கு?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. வெயில் பட்டாத்தான் அதுக்கே சூடு. முட்டைக்குச் சூடு வேணும்னுதான் இப்படி நடுங்குதுங்க. குஞ்சு வர்ற வரைக்கும் இரைக்குக்கூடப் போகாதுங்க.”

“அப்போ சாமை?”

“இந்த வருசம் இந்த இடம் அதுக்கு இருக்கட்டுங்க.”

இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பாம்புக்குக் குளிர்ந்த இரத்தம் என்று நமக்குப் பாடம் நடத்திய வாத்தியாரை யாராவது பார்த்தால், நான் விசாரித்ததாகச் சொல்லி, அவர் பதிலையும் எழுதுங்கள்.