மச்சான் அடிக்காத மஞ்சள் கோடு

அந்த இயந்திரம் சவர்க்காரக் கட்டியை விடச் சற்றுப் பெரியது. வெள்ளை நிறம். புத்தகம் போல விரித்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. ஜப்பானிலிருந்து வரும் பழைய வேன்களின் இருக்கைகளுக்கு அடியில், அங்குள்ளவர்கள் மறந்துவிட்டுப் போன சாமான்கள் சில வேளை அகப்படும். குடை, சீப்பு, குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து. புத்தளத்தில் வேன் ஓடும் என் நண்பனுக்கு அப்படித்தான் இது கிடைத்தது. அவனே ஒரு கைத்தொலைபேசிக் கடையில் கொடுத்து, வேறெதற்கோ உரிய சார்ஜரின் வயரை வெட்டி ஒட்டி, அதற்கு உயிர் வரச் செய்திருந்தான். உள்ளே ஒரேயொரு விளையாட்டுத்தான் இருந்தது: மேளம் அடிக்கும் விளையாட்டு. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. “உன்ட மச்சானுக்குக் குடு, படுத்துக் கெடக்கிற மனிசனுக்குப் பொழுது போகும்” என்று என்னிடம் தந்தான். மச்சான் படுக்கையில் விழுந்து அப்போது எட்டு மாதம்.

மச்சான் என் மூத்த சகோதரியின், நான் ராத்தா என்று கூப்பிடுபவவின், கணவர். கற்பிட்டியில் சுழியோடிகள் என்று சொல்லப்படும் ஆட்களில் ஒருவர். யுத்தம் முடிந்து கடல் திறந்துவிடப்பட்ட பிறகு சங்குக்கும் கடலட்டைக்கும் ஓடிய படகுகள் கூடின. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பாகம், அதாவது அறுபது எழுபது அடி ஆழம், இறங்கி, தரையில் ஊர்ந்து கிடக்கும் அட்டைகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். கையில் மணிக்கூடு கட்ட மாட்டார். மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவார். எண்ணிக்கை பிழைத்ததே இல்லை என்று மற்றச் சுழியோடிகளும் ஒத்துக்கொள்வார்கள். நான் அவருடைய படகை ஓட்டினேன். கீழே இருப்பவருக்கு மேலிருந்து சேதி சொல்ல எங்களிடம் இருந்தது ஓர் இரும்புக் குழாய். அதன் பாதியைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் ஸ்பேனரால் தட்ட வேண்டும். சத்தம் கீழே நன்றாகக் கேட்கும். விட்டுவிட்டுத் தட்டினால், நேரமாகிறது, மெல்ல மெல்ல ஏறி வாருங்கள் என்று பொருள். நிறுத்தாமல் வேகமாக அடித்தால் ஆபத்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே வாருங்கள் என்று பொருள். அப்படி ஒரேயடியாக ஏறினால் உடம்பு முடங்கிப்போகலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அவருடன் ஓடிய மூன்று வருடத்தில் அப்படி ஒரு முறைதான் அடித்தேன்.

அன்றைக்கு ஆலங்குடாவில் ஒரு ஹோட்டல்காரர் என்னை மாலை நான்கு மணிக்கு முன்னால் வரச் சொல்லியிருந்தார். வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்க ஏற்றிப்போகும் படகுக்கு ஆள் தேவை. அட்டை நாற்றத்திலிருந்தும் சிலிண்டர் சுமப்பதிலிருந்தும் தப்பிவிடலாம் என்று ஒரு வாரமாகக் கனவு கண்டுகொண்டிருந்தேன். மச்சானிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மனம் வருந்துவார் என்று நினைத்தேன். அவர் மூன்றாவது முறையாக இறங்கினார். நேரம் போனது. விட்டுவிட்டுத் தட்டினேன். குமிழிகள் இருந்த இடத்திலேயே வந்துகொண்டிருந்தன. நல்ல அட்டை கண்டால் அவர் அப்படித்தான், கேளாதவர் போல இருப்பார். இன்னொரு முறை தட்டினேன். பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது. குழாயின் மேல் நிறுத்தாமல் அடித்தேன்.

அவர் பையைக்கூட எடுக்காமல் மேலே வந்தார். வந்த வேகத்தில் இடுப்பு வரை தண்ணீருக்கு மேலே எழும்பினார். “என்னடா?” என்று கேட்டார். காற்று எழும்பப் பார்க்கிறது என்று சொன்னேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் படகில் ஏறினார். கரைக்கு வரும் வழியில் தோள் உளைகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கிறது என்றார். நாங்கள் இருந்த இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி நின்ற படகுக்காரர்களைக் கூவி அழைத்தேன். அங்கிருந்த இரண்டு சுழியோடிகள் அவருக்கு மறுபடியும் சிலிண்டரைக் கட்டி, ஆழத்துக்குக் கொண்டுபோய், இரண்டு மணித்தியாலம் பிடித்து வைத்திருந்தார்கள். ஆழத்திலிருந்து அவசரமாக வந்தவனை ஆழத்துக்கே கொண்டுபோவதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம். மேலே தூக்கியபோது இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஆஸ்பத்திரிகள். பிறகு வீடு.

கடற்கரையில் கூடியவர்களிடமும், ஆஸ்பத்திரியிலும், ராத்தாவிடமும் நான் ஒரே கதையைத்தான் சொன்னேன். திடீரென்று வாடைக்காற்று எழும்பியது, படகு கவிழப் பார்த்தது, மச்சானைக் கூப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. காற்று எழும்பவே இல்லை. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ராத்தாவுக்கும் மச்சானுக்கும் பிள்ளைகள் இல்லை. உள்ளறை ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தா. ஹோட்டல்காரர் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஆள் அனுப்பினார். ராத்தாதான் என்னைப் போகச் சொன்னா. காலையில் டொல்பின் ஓட்டம் பத்து மணிக்கு முடிந்துவிடும். பிறகு நான் ராத்தா வீட்டுக்குப் போய்விடுவேன். மச்சானைத் திருப்பிப் படுக்க வைப்பது, கழுவுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் நானும் ராத்தாவுமாகச் செய்தோம். மச்சான் யாருடனும் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். மற்ற நேரமெல்லாம் முகம் சுவர்ப்பக்கம்.

இயந்திரத்தைக் கொடுத்தபோதும் அவர் வாங்கவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே மேளச்சத்தம் கேட்டது. ராத்தா குசினியில் நின்றபடி, பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினா. அவவுடைய முகத்தில் சிரிப்பு இருந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

விளையாட்டு எளிமையானது. கீழ்த்திரையில் ஒரு மேளம். மேல்திரையில் ஒரு கோட்டில் சிவப்பு வட்டங்களும் நீல வட்டங்களும் வரிசையாக ஓடி வரும். சிவப்புக்கு மேளத்தின் நடுவில், இயந்திரத்தோடு இருந்த சின்னக் குச்சியால் தட்ட வேண்டும், நீலத்துக்கு விளிம்பில். பாட்டோடு இசைந்து தட்டினால் புள்ளி ஏறும். அதோடு முடிந்திருந்தால் மச்சான் ஒரு வாரத்தில் சலித்துப்போயிருப்பார். ஆனால் அதற்குள் ஒரு பயணம் இருந்தது. ஒவ்வொரு ஊரின் முடிவிலும் ஒரு பெரிய பகைவன் வழியை மறித்துக்கொண்டு நிற்பான். அவனோடு மேளத்தால்தான் சண்டை. சரியாக அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அவன் உயிர் குறையும், தவறும் ஒவ்வோர் அடிக்கும் நம் உயிர் குறையும். அவர்கள் சும்மா நிற்கவும் மாட்டார்கள். முதலில் வந்த பானை வயிற்று எலி, வட்டங்களைப் பொறுக்கித் தின்றது. அடுத்த காகம் சிவப்பையும் நீலத்தையும் மாற்றிப் போட்டது. அதற்கடுத்தது ஒரு கணவாய் மீன். அது மையைப் பீச்சித் திரையையே மூடிவிடும். வட்டங்கள் எங்கே வருகின்றன என்று தெரியாது.

அந்தக் கணவாயிடம் நான் இருபது முறை தோற்றேன். மச்சான் இரண்டு நாளில் அதைக் கொன்றார். மை மூடியதும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டே தட்டினார். தண்ணீருக்குள் எண்ணிய அதே எண்ணிக்கை. கணவாய் சுருண்டு விழுந்தபோது அவர் சத்தமாகச் சிரித்தார். ராத்தா ஓடி வந்து பார்த்தா. “கடலுக்குள்ள கண்டா இதுக்கு நான் வழி விட்டிருப்பன்” என்று மச்சான் சொன்னார். அன்றைக்கு ராத்தா பாணும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தபோது தானே கையை ஊன்றி, தலையை உயர்த்திச் சாப்பிட்டார். மனிதர் திரும்பி வந்துவிடுவார் என்று நான் அப்போது உண்மையாகவே நம்பினேன். செய்த பிழைக்கு அந்த வெள்ளை இயந்திரம் கணக்குத் தீர்த்துவிடும் என்பதுபோல ஒரு நிம்மதி.

நான்கு மாதத்தில் அவர் கடைசிப் பகைவனிடம் போய்ச் சேர்ந்தார். முகமில்லாத வெள்ளை உருவம், திரையை விடப் பெரியது. மச்சான் அதற்குப் ‘பெரியவன்’ என்று பெயர் வைத்தார். எலி, காகம், கணவாய் எல்லாருடைய வித்தையும் அவனிடம் இருந்தது. மச்சான் அத்தனையையும் சமாளித்தார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் தோற்றார். அவன் உயிர் ஒரு நூலளவுக்குக் குறையும் வரை கொண்டுபோவார், பிறகு அவன் உயிர் முழுதாக நிறைந்துவிடும், மச்சான் தோற்றுவிடுவார். தோற்றதற்கு ஒரு பாட்டு ஒலிக்கும், குழந்தையைக் கேலி செய்வது போல. இயந்திரத்தை மூடி வைத்துவிட்டு, “நாளைக்கிப் பாப்பம்” என்பார்.

அந்தக் காலத்தில்தான் ராத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. புண் ஆழமாகிக்கொண்டிருந்தது, என் உழைப்பு மருந்துக்கே போதவில்லை. போகிற அன்று வாசலில் நின்று, “உன்ட கையில விட்டுட்டுப் போறன். உன்னத் தவிர அவருக்கு ஆர் ஈக்கிற?” என்றா. நான் தலையாட்டினேன். அதன் பிறகு அந்த வீட்டில் நானும் அவரும் மட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, முதுகைக் கழுவிக்கொண்டே தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது எனக்கு விளங்கியது. பெரியவனின் உயிர் நூலளவு ஆனதும் அவன் ஊதிப் பெருத்தான். வட்டங்கள் நின்றன. நீளமாக ஒரு மஞ்சள் கோடு வரத் தொடங்கியது. அந்தக் கோடு தீரும் வரை நிறுத்தாமல் வேகமாக அடிக்க வேண்டும். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கணவாயைக் கொன்றவருக்கு அது ஒரு வேலையே இல்லை. மச்சான் குச்சியைத் திரையிலிருந்து எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மஞ்சள் கோடு ஓடி முடிந்தது. பெரியவன் எழுந்தான்.

“மச்சான், அந்த எடத்தில ஏன் கைய எடுக்கிறீங்க? அடிச்சாச் செத்துப்போவானே.”

“அந்தச் சத்தம் எனக்கு வேணாம்” என்றார்.

தோற்ற பாட்டு ஒலித்து முடிந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், இன்றைக்கு என்ன கறி என்று கேட்பது போலச் சொன்னார்: “அண்டைக்கி நான் கீழ இரிந்து மேல பாத்த. தண்ணி கண்ணாடி மாதிரிக் கெடந்திச்சி. காத்து எங்க தம்பி இரிந்திச்சி?”

என் கையில் ஈரத்துணி இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. ஹோட்டல்காரரையும் நான்கு மணியையும் பற்றிச் சொல்லி, அழுது, அவர் காலைப் பிடித்திருக்கலாம். பிடித்தாலும் அந்தக் காலுக்குத் தெரிந்திருக்காது. நான் துணியைப் பிழிந்தேன். அவர் விளையாட்டை மறுபடி தொடக்கி, பெரியவனை நூலளவுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் கோடு வரும் நேரத்தில் இயந்திரத்தை என் பக்கம் நீட்டினார்.

“இந்தா, நீ அடி. நீ இத நல்லா அடிப்பாய்.”

அடிக்காமல் இருந்திருக்கலாம். அதைத்தான் இத்தனை வருடமாக நினைக்கிறேன். ஆனால் அவர் நீட்டிய கையை மறுக்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. அடித்தால் மனம் ஆறுவாரோ என்ற முட்டாள்தனமும் இருந்தது. குச்சியை வாங்கி நிறுத்தாமல் அடித்தேன். கோடு முடிந்தது. பெரியவன் உடைந்து நொறுங்கினான். மணிகள் ஒலித்தன, பூக்கள் கொட்டின, எங்களுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துகள் வரிசை வரிசையாக மேலே போயின. நெடுநேரம் போயின. பிறகு எதுவும் இல்லை. விளையாட்டு முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் அதைத் தொடவில்லை. நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்ல அவருக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான்தான் அடித்து முடித்தேன். முதலில் சாப்பாடு குறைந்தது. மருந்து போடும்போது முனகுவார், அதுவும் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் ராத்தா தொலைபேசியில் பேசும்போது அவர் காதில் நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். “ஓம், சொகமா ஈக்கிறன். தம்பி நல்லாப் பாக்கிறான்” என்பார். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டார். என்னை மன்னித்துத்தான் அப்படிச் சொன்னாரா, அல்லது வாழ்நாள் முழுவதும் நானே சுமக்கட்டும் என்று விட்டாரா, எனக்குத் தெரியாது. எத்தனையோ இரவு யோசித்தும் ஒரு பக்கம் சாயவில்லை. ஐந்து மாதத்தில் புண் இரத்தத்தில் விஷமாகி மவுத்தானார். குவைத்திலிருந்து ராத்தாவால் வர முடியவில்லை. அன்றே அடக்கினோம். குழிக்குள் இறங்கி அவரை வாங்கியவன் நான்.

இயந்திரத்தை வேன்கார நண்பனிடமே திருப்பிக் கொடுத்தேன். அதை அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை. நான் இன்னும் ஆலங்குடாவில்தான் படகு ஓட்டுகிறேன். இப்போது சொந்தப் படகு. தண்ணீர் அசையாமல் கிடக்கும் காலைகளில் வெள்ளைக்காரர்கள் குனிந்து பார்த்து மகிழ்ந்துபோவார்கள். நான் என்ஜினைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராத்தா திரும்பி வந்து ஆறு வருடமாகிறது. வருடா வருடம் மச்சானின் நினைவு நாளில் வீட்டில் குர்ஆன் கத்தம் ஓதி, பக்கத்து வீட்டார்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுப்பா. சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் இருக்கையில் என்னைப் பார்த்து, “தம்பி, அண்டைக்கி காத்து வந்த வெதத்தக் கொஞ்சம் சொல்லு” என்பா. கணவனின் கடைசிக் கடலைக் கேட்பதில் அவவுக்கு ஓர் ஆறுதல். என் தம்பி இல்லாவிட்டால் அவர் அன்றைக்கே கடலோடு போயிருப்பார் என்று வந்தவர்களிடம் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்வா. நான் சொல்வேன். முதல் வருடம் வாடைக்காற்று மட்டும்தான் இருந்தது. பிறகு அலை வந்தது, படகுக்குள் தண்ணீர் ஏறியது. கேட்பவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார்கள். இந்த வருடம் மழையும் பெய்தது என்று சொன்னேன்.