புள்ளிக்கோட்டில் ஒரு வண்டித்தடம்

ஆமாம், தனியாகத்தான் போனேன். நூறு வருடத்துக்கு முந்தைய நில அளவை வரைபடம் ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாகக் கிடைத்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம். சேலத்தில் பெரிய தாளில் அச்சிட நூற்றிருபது ரூபாய். ராசிபுரத்துக்குத் தெற்கே இரண்டு கிராமங்களை இணைத்து அதில் ஒரு புள்ளிக்கோடு. வண்டித்தடம். இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அது பாதியில் மறைந்துவிடுகிறது. தை மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடந்து பார்க்கக் கிளம்பினேன்.

சேலத்திலிருந்து ராசிபுரம் ஒரு மணி நேரம். பிறகு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

முதல் ஒரு கிலோமீட்டர் தடம் இருக்கிறது, தார் போட்டு. அப்புறம் கம்பிவேலி. உள்ளே குச்சிக்கிழங்குக் காடு; இந்தப் பக்கம் மரவள்ளி வயலை அப்படித்தான் சொல்வார்கள். மோட்டார் ரூம் நிழலில் இருந்த காட்டுக்காரர் பழனியப்பன், சர்வேயரா என்று விசாரித்தார். சும்மா சுற்ற வந்தவள் என்று சொல்லி வரைபடத்தை விரித்தேன்.

அப்போது வரப்பில், தலையில் கிழங்கு மூட்டையோடு, அதற்குப் பின்னால் உள்ள காட்டுக்காரப் பெண் தங்கமணி வந்தார். வேலி போட்டதிலிருந்து அவர் காட்டுக்கு டிராக்டர் போக வழியில்லை. பிடுங்கிய கிழங்கு நாள் தள்ளினால் மாவு குறையும். ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லில் விலை விழும். அங்கே தடமே இருந்ததில்லை என்பது பழனியப்பன் கட்சி. தங்கமணி மூட்டையை இறக்கிவிட்டுப் புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது என்னங்க மாமா?"

கோட்டின் தடிமனே தரையில் முப்பது மீட்டர் வரும், எந்த வரப்பு என்று இது சொல்லாது என்றேன். இருவரும் கேட்கவில்லை. பழனியப்பன் கண்ணாடி போட்டுக் கோட்டைத் தொடர்ந்து போனார். சிரித்தார்.

"தடம் இங்கயே நிக்கலியே அம்மிணி. உன்ற காட்டுக்குள்ள பூந்து அந்தப்பக்கத்து ஊருக்குப் போவுது. நீ தொறந்து உடுவியா?"

அந்த இடத்தில்தான் தங்கமணியின் போர்வெல்லும் தொட்டியும்.

"உடறனுங்க. தொட்டிய இடிச்சுட்டே உடறன். நீங்க இன்னிக்குக் கம்பியக் கழட்டுங்க."

பழனியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் பையில் போட்டார். மோட்டாரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போனார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப் போங்கள், வழியில் கடை இல்லை. வேலி தெரிந்தால் குரல் கொடுத்துவிட்டு நில்லுங்கள். ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பழைய பாதை ஒன்றைப் பார்க்கத்தான் போனேன். அது ஒருவருக்கு இன்று மதியமே தேவைப்படும் என்று யோசித்திருக்கவில்லை.

வரைபடத்தைத் தங்கமணியிடம் கொடுத்தேன். மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவரோடு ரோடு வரை நடந்தேன்.