சுவரோரத்து உயிரிகள்

என் கமராவுக்கு வில்லை கிடையாது. விரல் தடிமனுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டியில் கடலோரத் தோணா ஓடைத் தண்ணீரை நிரப்பி, அதனூடாக லேசர் ஒளியைப் பாய்ச்சினால் கமராவில் விழுவது வெறும் வளையங்கள். அந்த வளையங்களிலிருந்து ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரு படத்தைக் கணினி உருவாக்கும். எந்தப் படம் மிகத் தெளிவோ, அந்த ஆழத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரி இருக்கிறது என்று என் நிரல் தீர்ப்புச் சொல்லும். முதுகலை ஆய்வுக்காக எட்டு மாதம் அதை எழுதினேன். எங்கள் கல்முனைக்குடி வீட்டில் எல்லோருக்கும் விளக்கியும் இருந்தேன். கேள்வி கேட்டவர் என் மூத்த சகோதரி ராத்தா மட்டும்தான். அவர் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர்.

முதல் வாரம் நிரல் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தைச் சொன்னது: பெட்டியின் கமராப் பக்கத்துச் சுவர். வேறொருவன் என்றால் சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன். தோணா உயிரிகள் சுவரோரமாக வந்து அணிவகுக்கின்றன என்று முடிவுகட்டினேன். படத்திலிருந்த கரும்புள்ளிகளுக்குக் கால்கள்கூட எனக்குத் தெரிந்தன. நான்கு பக்கம் எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிட்டுத்தான், கால்கள் உட்பட எல்லாவற்றையும் ராத்தாவிடம் சொன்னேன்.

“எல்லாம் ஒரே இடத்திலயா நிக்குது?”

“ஓம் ராத்தா.”

“வெறும் பெட்டிய வெச்சி ஒருக்காப் பாத்தியா?”

“வெறும் பெட்டியில என்னத்தப் பாக்கிற?”

“ஒண்டும் இல்லெண்டு காட்டுதாண்டு பாரு. மறுகா எழுது.”

பெட்டியைக் காயவைத்து, வெறுமையாகவே வைத்துப் பார்த்தேன். நிரல் கொஞ்சமும் தயங்காமல் அதே சுவரைச் சொன்னது. அணிவகுத்து நின்றது தூசி. ஓரத்தில் என் பெருவிரல் ரேகையும் இருந்தது.

மேற்பார்வையாளருக்கு விஷயத்தைச் சொல்ல இரண்டு நாள் பிடித்தது. தொலைபேசியில் அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நிரலில பிழையில்ல,” என்றார். “தூசி எங்க இருக்கெண்டு சரியாத்தான் சொல்லியிருக்கு.”

பிழை என்னுடையது. உயிரிகள் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. அவை இருக்கும் ஆழத்தில் படம் அநேகமாக வெறுமையாகிவிடும். கறுப்பாக எடுப்பாகத் தெரிந்ததையே தேடும்படி நிரலுக்குக் கற்பித்தவன் நான். பெட்டியைத் துடைத்தேன். வெறும் பெட்டியின் பதிவை ஒவ்வொரு பதிவிலிருந்தும் கழித்தேன். பிறகு, மிக வெறுமையான படத்தையே தேடும்படி விதியையும் தலைகீழாக மாற்றினேன்.

அடுத்த பெட்டியில் இரண்டு உயிரிகள், இரண்டு வேறு ஆழங்களில். ராத்தாவைக் கூப்பிட்டு அவற்றின் மங்கலான கோட்டுருவைக் காட்டினேன். திரைக்குக் கிட்டக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுக்குக் கால் இருக்குத்தான்,” என்றார்.