டாக்சி வரிசையில் ஏறிய நர்ஸம்மா

அண்ணன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. வருஷக்கணக்காக உள்ளேயே வைத்திருக்கிறேன். டாக்சி வரிசையில் நின்ற அத்தனை பேரையும் அதட்டி உருட்டி பிரஷர் பார்க்கக் கையை நீட்ட வைத்த மனுஷன், தன் கையை மட்டும் நீட்டவேயில்லை.

விமான நிலையத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘ஹாரன்’. மெதுவாகப் பேசத் தெரியாது. பிழைக்க வந்த இடத்தில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் என்பதால் நேரில் அண்ணன். ஒருநாள் சவாரியோடு போகும்போதே நெஞ்சு வலித்திருக்கிறது. சவாரியை வாசலில் இறக்கி, பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, பிறகு தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய், கோட்டுக்குள் ஒழுங்காக வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய் விழுந்தார். டாக்டர் சத்தம் போட்டதற்கு, “டாக்சிக்காரன் டாக்சி கூப்பிட்டா சிரிக்க மாட்டாங்களா?” என்றாராம்.

பிழைத்து வந்ததும், அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மாவை மாதாமாதம் எங்கள் வரிசைக்கே கூட்டிவந்தார். இறங்கினால் இடம் போய்விடும் என்று ஒருத்தனும் வண்டியை விட்டு இறங்க மாட்டான். அதனால் நர்ஸம்மாவே ஒவ்வொரு வண்டியிலும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார். முன்வண்டி நகர்ந்து பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால் அண்ணன் பாய்வார்.

“இருடா! முதல்ல அவன் ரத்தம் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கட்டும், அப்புறம் உன் வண்டி ஓடலாம்.”

எனக்கு அப்போது இடது கையில் ஒரு வலி. இந்த ஊர் வண்டியில் டிரைவர் இடது பக்கம்; ஜன்னலில் வைத்து வைத்து வலிக்கிறது என்றேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் நினைப்போம்.

“ஜன்னல் வலி மாடிப்படி ஏறும்போதாடா வரும், மடையா?”

சட்டைக் காலரைப் பிடித்து இறக்கி, இழுத்துக்கொண்டு போனார். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்று நான் உட்கார்ந்து எழுதுவது அந்தக் காலர் பிடியால்தான்.

“நீங்க பாத்துக்கிட்டீங்களாண்ணே?” என்று கேட்டால் மட்டும், “எனக்குத்தான் ஒருதடவை வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே வராது” என்பார். ஏதோ அம்மை போட்டு இறங்கிய மாதிரி. மாத்திரையை நிறுத்தியது அண்ணிக்கே தெரியாது.

மறுபடி வந்தது. ஆபரேஷன் அன்று, வாய்க்கு வந்தபடி திட்டவேண்டும் என்றுதான் போனேன். அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்ததும் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

“ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சுது” என்று அண்ணி கண்ணைத் துடைத்தார்.

“நீ வீட்ல திட்டு. இவன்கிட்ட ஒரு வேலை இருக்கு” என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் விழிக்கவில்லை; உள்ளே போகுமுன் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“புதுசா வந்தானே மீசைக்காரன், நர்ஸம்மாவைக் கண்டாலே கண்ணாடியை ஏத்திக்கிறான். நீ சொன்னா கேக்கமாட்டான். அவன் பொண்டாட்டிக்கு போன் போட்டுச் சொல்லிடு. இன்னிக்கே போடுடா.”