அண்ணன் காரில் விழுந்த விரிசல்

அண்ணன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்தப் பழைய கார். உடம்புக்கு முடியாமல் போனதும் சாவியை என்னிடம் கொடுத்து, "வாரம் ஒரு தடவை ஓட்டுடா, போதும்" என்றார்.

ஒருநாள் கடலூர் போய்த் திரும்பும்போது ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டேன். அரியாங்குப்பம் பாலத்தில் ஆவி கிளம்பியது. நிறுத்தியிருக்க வேண்டும். முதலியார்பேட்டையில் என் வீடு பக்கம்தானே என்று அதுவரை ஓட்டினேன். அதன்பின் வண்டி உயிர் பெறவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணன் கேட்கும்போதெல்லாம், "நல்லா ஓடுதுண்ணா" என்றேன்.

போன வைகாசியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அண்ணனுக்கும் தெரிந்திருந்தது. "ஞாயித்துக்கெழம நம்ம வண்டியிலயே கூட்டிட்டுப் போடா" என்றார்.

மூன்றே நாள். மெக்கானிக்குகள் கைவிரித்தார்கள். நானே எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். அடியில் வைக்கும் கேஸ்கெட் தகடு மட்டும்தான் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே புரட்டித் துடைத்தேன். இரண்டு வால்வுகளுக்கு நடுவே முடி போல ஒரு கோடு. கரியாக இருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. இரும்பே விரிசல் விட்டிருந்தது.

விழுப்புரம்வரை பழைய இரும்புக் கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். அந்த ஹெட் எங்கும் இல்லை. சனிக்கிழமை காலை, திறந்து கிடந்த எஞ்சின்மேல் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்களாம்; வண்டியில் வீட்டுக்குப் போகலாம் என்று நேரே இங்கே வந்திருக்கிறார்கள். அண்ணியின் தோளைப் பிடித்தபடி அண்ணன் இறங்கினார்.

பிஸ்டன்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணி இல்லாம ஓட்டுனியா?"

"ஆமாண்ணா."

"எப்போ?"

"தை மாசம்."

"அஞ்சு மாசமா என் மூஞ்சப் பாத்து பொய் சொன்னியா?"

அதே ஆட்டோவில் ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் போனேன். கண்ணை மூடிக்கொள்வார். ஒன்பதாம் நாள், "பீச்சுக்குப் போவணும், ஆட்டோ கூப்புடு" என்றார். கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னித்தாரா, பிடிமானத்துக்குப் பிடித்தாரா, தெரியவில்லை.

ஆடி பிறக்குமுன் போய்விட்டார். வண்டி இன்னும் என் வீட்டில் திறந்தபடியே கிடக்கிறது. துரு ஏறாமல் இருக்க எண்ணெய் மட்டும் போடுகிறேன்.