தராசின் படகு விற்பனைக்கு

விளம்பரத்தை அவள் மூன்றாவது முறையாகத் திருத்தி எழுதினாள். முப்பத்தெட்டு அடிப் பாய்மரப் படகு; பந்தயத்திலும் ஓடும், குடும்பத்தோடு வாரக்கணக்கில் தங்கிப் பயணம் போகவும் தோதானது; ஆறு பேர் படுக்கலாம். முந்தைய இரண்டு விளம்பரங்களுக்கும் ஆள் வராமல் இல்லை. வந்தவர்களிடம் அவள் கணவர் பேசினார், அவ்வளவுதான். முதலில் வந்தவரிடம், "நீங்க என்ன எடை இருப்பீங்க?" என்று கேட்டார். அடுத்து வந்த தம்பதியிடம், "இதுல ஃப்ரிட்ஜ் வைக்கிறதா இருந்தா எதுக்குப் படகு, ஒரு வீடா பார்த்து வாங்கிக்கங்க" என்றார்.

ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. கணவரின் இடது தோளையும் அவளே எடுத்தாள். தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. இன்னொரு பந்தயப் பருவம் பாய்க்கயிறு இழுத்தால் மிச்சமும் போய்விடும், பிறகு அந்தக் கையால் சட்டை மாட்டுவதே பாடாகிவிடும் என்றார் டாக்டர். பருவம் தொடங்க மூன்று வாரம் இருந்தது. அதற்குள் படகு கைமாறாவிட்டால் அவர் ஏறிவிடுவார். இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "வித்துடலாம்" என்று முதலில் சொன்னவர் அவர்தான். சொல்கிறவரும் செய்கிறவரும் ஒரே ஆள் என்று அவள் நம்பிவிட்டாள்.

முப்பது வருடம் அவர் எடையளவு ஆய்வாளராக இருந்தார். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கிற உத்தியோகம். ஐந்து கிராம் குறைந்த எடைக்கல்லுக்காகச் சொந்தத் தங்கை கணவரின் கடைக்கே நோட்டீஸ் கொடுத்தவர். அதன்பின் மூன்று வருடம் அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. படகுத்துறையில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பார்.

படகை வாங்கிய வருடமே உள்ளிருந்ததை எல்லாம் கழற்றிவிட்டார். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்பது கணக்கு. அடுப்பு, மேசை, மெத்தைகள், அறைக் கதவுகள், கழிப்பறைக் கதவு, நங்கூரச் சங்கிலியில் முக்கால்வாசி எல்லாம் வீட்டின் பின்னறைக்கு வந்தன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவே விடமாட்டார். கதவில்லாத கழிப்பறையோடு நான்கு நாள் பயணம் போய் வந்த பிறகு அவள் அந்தப் படகில் கால் வைப்பதை நிறுத்தினாள்.

இப்போது வேறு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, துறையில் வேலை செய்யும் இருவரைக் கூட்டிக்கொண்டு, அவளே எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினாள். தொட்டியையும் நிரப்பினாள். அவர் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும், கழற்றியபோது குறித்துவைத்த நோட்டைப் பார்த்து எடை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அடுப்பு, பத்தொன்பது."

"கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"கழிப்பறைக் கதவு, ஒன்பதரை."

"அந்த ஒன்பதரை கிலோவுக்காக நான் பட்ட அவமானத்தையும் எழுதி வச்சிருக்கீங்களா?"

அவர் உண்மையாகவே நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கடையை மகளிடம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கடலில் இருக்கப்போவதாகச் சொன்னார்கள். அந்த அம்மாள் அடுப்போடு சேர்ந்த ஓவனைத் திறந்து, கைமுட்டி வரை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு ரொட்டி தாராளமா வைக்கலாம்ங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். அந்த நிமிடமே படகு விற்றுவிட்டது என்று நினைத்தாள் இவள்.

அவர்கள் கூட்டி வந்த படகுப் பரிசோதகர் நிதானமான மனிதர். சின்னச் சுத்தியலால் உடல் முழுக்கத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கடைசியில் கரையில் குந்தி, படகின் பக்கவாட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"நீர்க்கோடு மூழ்கியிருக்கு பாருங்க" என்றார் பேக்கரிக்காரரிடம். "படகு எது வரைக்கும் தண்ணியில நிக்கணுமோ அங்கதான் இந்தக் கோட்டைப் போடுவாங்க. படகு ரெண்டு விரல் கீழ இறங்கியிருக்கு. உடம்பு எங்கயோ தண்ணி குடிச்சிருக்கணும். இப்படிப்பட்டத வாங்கச் சொல்லி நான் எழுதித் தர மாட்டேன்."

பேக்கரிக்காரர் படகுக்குள் இருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் அடுப்பு மூடியை மெதுவாகச் சாத்தினாள்.

இவள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் படகு தண்ணீர் குடித்தது என்று சொல்லிவிட்டு யாரும் அவரிடமிருந்து முழுசாகக் கரை ஏற முடியாது. அவரோ வானத்தில் மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாமான்களைக் கழற்றிய வருடம் படகு லேசாகி மேலே எழும்பி நின்றது. கையில் பெயிண்டுடன் அவர் வீட்டுக்கு வந்ததும், அந்தச் சட்டையைத் தூக்கி எறிய நேர்ந்ததும் நினைவுக்கு வந்தன.

"கோட்டைக் கீழ இறக்கிப் போட்டது யாரு?" என்றாள்.

அவர் இன்னும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். முப்பது வருஷம் ஊர்ல இருக்கற தராசையெல்லாம் பிடிச்சீங்க. இங்க உங்க கோடு பொய் சொல்லுது. வாயத் திறக்காம நிக்கறீங்க."

இதைத் தனியாக வைத்துச் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் தனியாக வைத்துச் சொன்னவை எல்லாம் இதுவரை எங்கே போயின என்பதும் தெரியும்.

அவர் மேகத்தை விட்டார். "நான்தான் இறக்கிப் போட்டேன்" என்றார் பரிசோதகரிடம். "வெறும் படகுக்குப் போட்ட கோடு அது. இப்ப உள்ள போயிருக்கறது நானூத்திப் பன்னெண்டு கிலோ. அது போக, தண்ணி இருநூறு." நோட்டை நீட்டினார்.

பரிசோதகர் பக்கங்களைப் புரட்டினார். கரண்டிகளுக்குத் தனிப் பக்கம் இருந்ததைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு மனக்கணக்குப் போட்டார். "இந்த அளவு படகு இருநூறு கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் இறங்கும். அப்ப மூணு. சரியாத்தான் வருது." எழுந்து மறுபடி உள்ளே போய்த் தரைப்பலகைகளைத் தூக்கி, ஈரமானியை வைத்து அரை மணி நேரம் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் பேக்கரிக்காரர்.

"சொன்னா வித்துடும்ல" என்றார் அவர்.

இத்தனை வாரம் அவள் கேட்டுக்கொண்டிருந்த பதில் இதுதான். அதை முன்பின் தெரியாத ஒரு ரொட்டிக்காரரிடம் சொல்கிறார். அவளுக்குக் கோபம் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பேக்கரி அம்மாள்தான் பேச்சை மாற்றினாள். "இந்தப் பெரிய பாயை எப்படிங்க ஏத்தறது? ஒரு தடவை காட்டுங்களேன்."

அவர் படகில் ஏறினார். பாய்மரத்தருகே நின்று, பழக்கத்தில் இடது கையைக் கயிற்றுக்கு உயர்த்தினார். தோள் மட்டத்தில் கை நின்றுவிட்டது. அதற்கு மேல் போகவில்லை. அவர் அதையே பார்த்தார், கைக்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல. அவள் கரையிலிருந்தபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க இழுங்க" என்றார் அந்த அம்மாளிடம். "ரெண்டு கையும் மாத்தி மாத்தி. அவசரமில்ல."

பாய் கோணலாக ஏறியது. அவர் இரண்டு முறை வாய் திறந்து இரண்டு முறையும் மூடிக்கொண்டார். பிறகு கரைக்கு இறங்கி வந்து அவள் எதிரில் நின்றார்.

"பேனா வச்சிருக்கியா? எழுதிக் குடுத்துடறேன்" என்றார்.